பஸ் ஏறிப் போன பாதை

"நம்ம பாதை காலையில முதல் பஸ்ல ஏறிப் போயிட்டாம்ல. பாவம், உக்கார எடம் கெடைக்காம நின்னுக்கிட்டே போச்சாம்."

"பெட்டி படுக்கையோடயா?"

"பாதைக்கு என்னட்டி பெட்டி படுக்கை? சுருண்டா அதுவே படுக்கைதான்."

அடிபம்பில் குடம் வைத்திருந்த இரண்டு பெண்களின் பேச்சு, சுவருக்கு இந்தப் பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த உலகம்மாளின் காதில் தற்செயலாகத்தான் விழுந்தது. அவள் கை நின்றது. பாதி சுற்றிய பீடி அவிழ்ந்து தூள் முறத்தில் கொட்டியது. பிறகு வேறொரு இலையை எடுத்து, தூளை வைத்து, சுற்றி, நுனியை மடக்கி, நூலைக் கட்டினாள். எழுந்து போய் யாரிடமும் என்ன ஏது என்று கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை, ஏனென்றால் பாதையை அனுப்பி வைத்ததே அவள்தான்.

பொத்தையூர் என்ற அந்த ஊர், பேருக்கேற்றபடி, பொத்தை என்று அங்கே சொல்லப்படும் மொட்டைப் பாறைக் குன்றுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. ஊருக்குள் பஸ் வந்ததில்லை. டவுனிலிருந்து வரும் பஸ், ஊருக்குப் பாதை பிரிகிற பொத்தை விலக்கில் ஆளை இறக்கிவிட்டு, புழுதியைக் கிளப்பி, வந்த வழியே திரும்பிவிடும். விலக்கிலிருந்து தொடங்கி, குளத்தங்கரைமேல் ஏறி, மடையடியில் இறங்கி, உடைமரக் காட்டுக்குள் முள்ளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நெளிந்து, பம்புசெட்டு வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டி, பொத்தையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, வாசலுக்கு வாசல் ஒரு கிளையை விட்டுவிட்டுக் கடைசியில் உலகம்மாளின் வாசற்படியில் முடிந்த அந்த ஒற்றையடிப் பாதையில்தான் பள்ளிக்கூடம் போனவர்கள் போனார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், கட்டிய பீடிக்கட்டுகள் தலைச்சுமையாக விலக்கிலிருந்த பீடிக்கடைக்குப் போயின, இலையும் தூளும் அதே தலைகளில் திரும்பி வந்தன.

அந்த ஊரில் வெளியே போகிற யாரையும் தனியாக விடுவதில்லை. வீட்டு ஆள் ஒருவராவது விலக்குவரை கூட நடந்து, பஸ் வரும்வரை நின்று, போகிறவர் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல, அனுப்புகிறவர் "போயிட்டு வா" என்று சொல்லி, பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் திரும்புவார்கள். வழியனுப்புவது என்று அதற்குப் பேர். வெறும் "போ" என்ற சொல்லை நாயை விரட்டும்போதும், பாடையை எடுக்கும்போதும் தவிர வேறு எப்போதும் அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை.

உலகம்மாளுக்கு ஒரே மகள், வேல்மதி. தகப்பன் செத்த பிறகு பீடி சுற்றியே அவளைக் காலேஜ்வரை படிக்க வைத்தாள். டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போன வேல்மதி, அதே தெருவில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் இருந்த ஜெபராஜை விரும்பினாள். வேதக்காரப் பையன், வேறு சாதி. சொன்ன அன்றிலிருந்து உலகம்மாள் மகளோடு பேசவில்லை. சோற்றைப் போட்டாள், எண்ணெயை எடுத்து வைத்தாள், துணியைத் துவைத்து மடித்தாள், பேச்சை மட்டும் கொடுக்கவில்லை. பாதை போன அன்று விடிந்தும் விடியாமல் வேல்மதி ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எம்மா, விலக்கு வரைக்குமாவது வாரியா?"

உலகம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் எதுக்கு? இந்தப் பாதை வந்து ஒன்ன வழியனுப்பும். போ."

பக்கத்து வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பேராச்சி இதைக் கேட்டாள். பாதையும் கேட்டது.

வேல்மதி ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்க, அவள் கால் விட்ட இடமெல்லாம் தரையைவிட்டு எழுந்து, மேய்ச்சலுக்குப் போகிற ஆட்டைப்போல அவள் பின்னாலேயே போயிற்று. விலக்கில் அவள் பஸ் ஏறினாள், பாதையும் ஏறியது. கண்டக்டர் சொரிமுத்து முதலில் யாரோ ஈரப்பாயை உள்ளே இழுக்கிறார்கள் என்றுதான் நினைத்தாராம். அது இன்ஜின் பெட்டிவரை போய், திரும்பி வந்து, மறுபடி போய், மடித்து மடித்து நின்ற பிறகும் வால் பின்படிக்கட்டில் தொங்கியது. ஆட்கள் காலைத் தூக்கி இடம் கொடுத்தார்கள். கோழிக்கூடை வைத்திருந்தவர் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இது யாரு கூட வந்தது?" என்று சொரிமுத்து கேட்டார்.

"எங்கம்மா அனுப்புனது" என்றாள் வேல்மதி, ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல். டிக்கெட்டையும் அவளே எடுத்தாள். ஆளாகக் கணக்கு வைப்பதா சாமானாகக் கணக்கு வைப்பதா என்று டவுன் போகும்வரை டிரைவரும் கண்டக்டரும் வாதாடிக்கொண்டே போனார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

பாதை போன இடத்தில் வடு எதுவும் இல்லை. ஆறின புண்ணைத் தோல் மூடுவதுபோல இரண்டு பக்கத்து நிலமும் வந்து ஒட்டிக்கொண்டது. புல் புல்லோடு சேர்ந்தது, முள் முள்ளோடு பின்னிக்கொண்டது. ஊரைவிட்டு வெளியே போவது அதற்குப் பிறகும் சிரமமாக இல்லை; எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதோ ஒரு நேரத்தில் விலக்கு வந்தது. திரும்பி வருவதுதான் நடக்கவில்லை. விலக்கில் இறங்கியவர்கள் எதிரே தெரிகிற பொத்தையைக் குறிவைத்து நடப்பார்கள், நடந்துகொண்டே இருப்பார்கள், வேட்டியெல்லாம் முள்ளாக, கடைசியில் பீடிக்கடையின் பின்பக்கமாக வெளியே வந்து நிற்பார்கள். பீடிக்கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

ஊர் கூடியது. ஊர்த் தலைவர் ஆறுமுகநயினார் நிதானமான மனிதர். "பாதை கோவிச்சுக்கிட்டா போச்சு? இல்ல. அனுப்புனதுனால போச்சு. அனுப்புனவ கூப்பிட்டா வந்துட்டுப் போவுது" என்றார்.

"நான் யாரையும் கூப்பிட மாட்டேன்" என்றாள் உலகம்மாள்.

"மகளக் கூப்பிட வேண்டாம்த்தா. பாதையத்தான."

"ரெண்டும் ஒரே எடத்துலதான கெடக்கு."

பேராச்சி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஒன் வாய்க்குப் பூட்டுப் போடணும் மயினி. போயிட்டு வான்னு சொல்லிருந்தா பாதை போயிட்டு வந்துருக்கும். போன்னு சொன்ன, போச்சு. அது சொன்ன சொல்லுக்குத்தான நடக்கும்? மனுசங்களாட்டம் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு தோண்டிப் பாக்குமா?"

உலகம்மாள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதனால் ஊர் தன்பாட்டுக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டது. வெளியே போகிற ஒருவர் நைலான் கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு விலக்குவரை போய், அதை அங்கே ஒரு மரத்தில் கட்டினார். மறுநுனி ஊரில் கல்தூணில் கட்டப்பட்டது. அன்றிலிருந்து எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள், போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கயிற்றில் கோத்த வெங்காயம்போல வரிசையாக வந்தார்கள். பீடிச் சுமைக்காரிகள் ஒரு கையால் தலைச்சுமையையும் மறு கையால் கயிற்றையும் பிடிக்கப் பழகினார்கள். மேலத்தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் ஒற்றைக் கயிற்றில், நடுவில் மாப்பிள்ளை மாலையோடு, அவருக்குப் பின்னால் நாதஸ்வரக்காரர் வாசிக்கக் கை இல்லாமல் கயிற்றைப் பிடித்தபடி சும்மா வந்தார். ஆடுகள் கயிற்றைக் கடித்தன, முடிச்சுப் போட்டார்கள். எதிரும் புதிருமாக வந்தவர்கள் யார் குனிவது யார் தாண்டுவது என்று சண்டை போட்டார்கள், சம்பந்திகளாகவும் ஆனார்கள். கொஞ்ச நாளில் புதிதாகப் பேச வந்த குழந்தைகள் பாதை என்ற சொல்லுக்குப் பதிலாகக் கயிறு என்றே சொல்லத் தொடங்கின.

உலகம்மாள் கயிற்றைத் தொடவே இல்லை. தன் பீடிக்கட்டுகளைப் பேராச்சியிடம் கொடுத்துவிட்டாள். எங்கும் போகாதவளுக்கு எதற்குப் பாதை, எதற்குக் கயிறு என்று சொன்னாள். ஆனால் பாதை முடிந்த இடம் அவள் வாசற்படி என்பதால், காலையில் படியைக் கழுவி ஊற்றும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அங்கேயே குளமாக நின்றது. அவள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேதியெல்லாம் சொரிமுத்து மூலமாக வந்தது. பேராச்சி விலக்கில் கேட்டுக்கொண்டு வந்து, உலகம்மாளுக்குக் கேட்கட்டும் என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். வேல்மதியும் ஜெபராஜும் பதிவு ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ரயில்வே கேட் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வாடகை வீடு. பாதை அந்த வீட்டு வாசலில் தொடங்கி பஸ் ஸ்டாப்பில் முடிகிறமாதிரி விரிந்து படுத்துக்கொண்டது. தினமும் காலையில் அவளை ஸ்டாப்புக்கு வழியனுப்புகிறது. சாயங்காலம் வரும்வரை அங்கேயே காத்துக் கிடக்கிறது. சொன்ன வேலை இன்னும் முடியவில்லை என்பதுபோல மறுநாளும் வழியனுப்புகிறது.

சந்து என்னவோ சின்னதுதான். ஆனால் அதன்மேல் பாதை கிடந்ததால், அதில் கால் வைத்தவர்கள் குளத்தங்கரையில் ஏறி, மடையில் இறங்கி, முள்ளுக்கு ஒதுங்கி, பம்புசெட்டுச் சத்தம் கேட்டு, பாறைச் சூடு கணுக்காலில் அடிக்க, நெடுநேரம் நடந்துதான் மறுமுனைக்கு வந்தார்கள். டவுன்காரர்களுக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர்களை டாக்டர்களே அங்கே அனுப்பினார்கள். டவுனின் மறுகோடியிலிருந்தெல்லாம், வெள்ளைச் செருப்பும் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக, பஸ் ஏறி நடக்க வந்தார்கள். ஸ்டாப்பில் அருகம்புல் ஜூஸ் விற்கும் தள்ளுவண்டி ஒன்று முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் "நடை எல்லாம் எறங்கு!" என்று கத்துவது சொரிமுத்துவுக்கு வழக்கமானது.

"வேலவெட்டி இல்லாம நடக்கதுக்குன்னு பஸ்ஸு புடிச்சி வாராங்களாம் மயினி" என்று பேராச்சி சுவரிடம் சொன்னாள். "நாம வேலவெட்டியோட நடக்கதுக்கு இங்க வழியில்ல."

பிறகொரு நாள் அவள் சுவரிடம் சொல்லவில்லை. உள்ளே வந்து, முறத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வேல்மதி முழுகாம இருக்காளாம். வயிறு நல்லா தெரியுதாம்."

உலகம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தலப்பிள்ள மயினி. தாய் வீட்டுக்குத்தான வரணும்?"

"வரவேண்டாம்னு நானா சொன்னேன்?"

"வயித்தோட கயித்தப் புடிச்சா வருவா? வர வழி இல்லியே. அது அங்கல்லா கெடக்கு."

அந்த மழைக்காலத்தில் சங்கிலிமாடன் செத்துப்போனார். கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தவர்; காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, உயிர் போய், ஒரு வேனில் விலக்குக்கு வந்து சேர்ந்தார். ஊர் ஆண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போய்ப் பாடை கட்டினார்கள். ஆனால் கயிறு ஒரு ஆள் பின்னால் ஒரு ஆள் வருவதற்கானது, பாடைக்கு நான்கு தோள் வேண்டும். தோளுக்குப் பாடையைக் கொடுத்தபோது கைகளிலிருந்து கயிறு நழுவியது. நால்வரும் பொத்தையைப் பார்த்து நடந்தார்கள். பீடிக்கடைக்குப் பின்பக்கமாக வெளியே வந்தார்கள். மறுபடி நடந்தார்கள், மறுபடி அங்கேயே வந்தார்கள். யாராவது ஒருவர் முதுகில் தூக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்து வரலாமே என்று ஒருத்தர் சொன்னார். பின்னாலேயே கயிற்றைப் பிடித்து வந்திருந்த சங்கிலிமாடனின் பெண்டாட்டி சண்முகக்கனி, "மூட்டையாட்டமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் அதைச் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் குளத்தின் விலக்குப் பக்கக் கரையிலேயே விறகு அடுக்கினார்கள். பாடை எடுக்கும்போது சொல்லவேண்டிய ஒற்றைச் சொல்லை, ஊருக்கே வந்து சேராதவரைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க, தீ எரிந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சண்முகக்கனி உலகம்மாளின் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று உலகம்மாள் எதிர்பார்த்தாள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம் என்றுகூட இருந்தாள். சண்முகக்கனி எதிரே உட்கார்ந்து, சிதறிக் கிடந்த இலைத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாசல்ல சாணி தெளிச்சி, சாவுன்னும் பாக்காம கோலம் போட்டு வச்சிருந்தேன் மயினி" என்றாள் கடைசியில். "அவுக பாக்கல."

எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் உலகம்மாள் முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். இரண்டு புடவையையும், வறுத்து இடித்த உளுந்தமாவையும், ஒரு பாட்டில் நல்லெண்ணெயையும் பையில் வைத்தாள். பாதையைக் கூட்டிக்கொண்டு வருவது, மகளையும் கூட்டிக்கொண்டு வருவது, அன்றைக்கே திரும்பிவிடுவது என்று ஊருக்குச் சொன்னாள். பேராச்சி கயிற்றில் முன்னால் நடக்க, முதன்முதலாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

"போயிட்டு வாரேன்" என்றாள் பஸ் படியில் நின்று.

"போயிட்டு வா மயினி. சாயங்காலம் ஊரே இங்க வந்து நிக்கும், பாத்துக்க. வெறுங்கையோட எறங்கிராத."

பஸ்ஸில் சொரிமுத்து அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். "இப்பவாவது வந்தியே தாயி. ஒன் பாதைக்கு இப்ப டவுன்ல இருக்க மரியாத, மாப்பிள்ளைக்குக்கூட கெடையாது."

"மாப்பிள்ளன்னு யாரு அண்ணாச்சி?"

"சரி, சரி. நான் டிக்கெட்டப் பாக்கேன்."

ரயில்வே கேட்டில் அவள் இறங்கினாள். தார் ரோட்டைக் கடந்து சந்தின் முனையில் கால் வைத்ததும், பாதை அவள் பாதத்தை அறிந்துகொண்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். தண்ணீர்க் குழாய்களும் துணி காய்கிற மாடிகளும் இரண்டு பக்கமும் தள்ளிப்போய் நிற்க, அவள் குளத்தங்கரையில் ஏறினாள், கல்யாணமாகி வந்த அன்று கால் இடறிய கல்லில் மறுபடியும் இடறினாள், புருஷனைப் பாடையில் கொண்டுபோனபோது தான் நின்றுவிட்ட இடத்தில் ஒரு கணம் நின்றாள், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மை ஊசிக்குப் போனபோது மூச்சுவாங்கி உட்கார்ந்த மடைக்கு வந்தாள். எதிரே தொப்பியும் பாட்டிலுமாக வந்த ஒரு அம்மாள் அன்போடு சொன்னாள்: "புதுசா வர்றீங்களா? அந்த மடைப் பக்கம் வழுக்கும்மா, பாத்து நடங்க."

"சரிங்கம்மா" என்றாள் உலகம்மாள்.

பாதையின் முடிவில் ஒரு ஓட்டு வீடு. வாசலில் வேல்மதி கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கால்கள் வீங்கியிருந்தன.

"வாம்மா" என்றாள். பாதையிலிருந்து யாராவது வந்தால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

உள்ளே ரப்பர் வாசனை அடித்தது. ஜெபராஜ் கைகளில் கறுப்பு போகாமல், துண்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "வாங்க அத்த" என்றான். பதில் வராது என்று தெரிந்தவன்போல, காபிக்குப் பால் வாங்க வெளியே போய்விட்டான்.

"கெளம்பு" என்றாள் உலகம்மாள். "ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சா வெளிச்சத்தோட போயிரலாம். பாதையும் வரும்."

"நான் வர முடியாதும்மா. நச்சுக்கொடி கீழ எறங்கி இருக்காம். பஸ்ஸுல குலுங்கினா ரத்தம் போயிருமாம். அசையக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காவ."

உலகம்மாள் பையைக் கீழே வைக்கவில்லை. "அப்பம் யாரு பாத்துக்கிடுதா?"

"அவுகளுக்கு அம்மா இல்ல. பகல்ல வேலைக்குப் போயிருவாவ. நானா பாத்துக்கிடுதேன்."

வாசலில் கிடந்த பாதையில் யாரோ இரண்டு பேர் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள்.

"பாதைய மட்டும் கொண்டு போறேன் மக்கா. சங்கிலிமாடனுக்கு ஊருக்குள்ள கொள்ளி வைக்க முடியல. தெரியுமா?"

"சொரிமுத்து மாமா சொன்னாவ." வேல்மதியின் குரல் இறங்கியது. "கொண்டு போ. அது ஊருச் சொத்துதான. அம்மாதான் வரல, பாதையாவது வந்துச்சேன்னு நான் வச்சிருந்தேன். ராத்திரி வாசல்ல உக்காந்து அதுல கால வச்சிக்கிட்டா, வீட்டு வாசல்ல இருக்க மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"அதான் பாதை வந்துச்சில்லா."

"பாதை வந்து தல பின்னிவிடுமா? ஒரு நாளு மயக்கம் போட்டு அதுலதான் விழுந்தேன். கீழதான் கெடந்துச்சி. தூக்கல."

உலகம்மாள் பையை அவிழ்த்தாள். உளுந்தமாவையும் எண்ணெயையும் எடுத்து அடுப்படியில் வைத்தாள். உளுந்தங்களி கிண்ட எவ்வளவு கருப்பட்டி போடவேண்டும் என்று சொன்னாள். ஜெபராஜ் கொண்டுவந்த காபியை, அவன் முகத்தைப் பார்க்காமல், முழுவதும் குடித்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தாள். அசையக்கூடாது என்று இரண்டு பேரும் சொல்லியும் கேளாமல் வேல்மதி, "ஸ்டாப்பு வரைக்கும் வாரேன், ஒன்ன யாரு வழியனுப்புவா?" என்று கூடவே கிளம்பினாள்.

மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். தாய் பின்னால் நடந்தாள். பாதை தன்னைக் குறுக்கிக்கொண்டது. குளத்தங்கரையை மேடு தெரியாமல் தணித்தது, மடையைத் தட்டையாக்கியது, முட்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அப்படியும் ஸ்டாப்புக்கு வந்தபோது வேல்மதி வேர்த்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்தாள்.

பஸ் வந்தது. சொரிமுத்து கதவோரம் நின்று தலையை நீட்டினார். ஜன்னல்களிலெல்லாம் முகங்கள், பாதை ஏறப்போகிறதென்று சேதி எப்படியோ பரவியிருந்தது. உலகம்மாள் படியில் ஏறித் திரும்பி நின்றாள். கீழே மகள், மகளின் காலடியில் பாதையின் நுனி. பாதை எழவில்லை. யாராவது எதையாவது சொல்லட்டும் என்று காத்திருந்தது.

"சொல்லு தாயி" என்றார் சொரிமுத்து மெதுவாக. "அங்க ஊரே விலக்குல நிக்கி. நீ சொன்னாத்தான் அது ஏறும்."

"போயிட்டு வாரேன்னு சொல்லும்மா" என்றாள் வேல்மதி. "நான் போயிட்டு வான்னு சொல்லுதேன். முடிஞ்சிரும்."

உலகம்மாளின் வாய் திறந்தது. மகளின் வீங்கிய கால்களைப் பார்த்தாள், கம்பத்தைப் பிடித்த கையைப் பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ஏறுதியா, எறங்குதியா?"

அவள் பையோடு கீழே இறங்கினாள். குனிந்து, பாதையின் நுனியை, தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல இரண்டு விரலால் தட்டினாள்.

"நீ போயிட்டு வா" என்றாள்.

பாதை எழுந்தது. ஓட்டு வீட்டு வாசலிலிருந்து சந்து முழுவதும் சுருண்டு சுருண்டு வந்து, படியேறி, இன்ஜின் பெட்டிவரை போய், திரும்பி, மறுபடி போய், மடித்துக்கொண்டு நின்றது. அது விட்டுப் போன இடத்தில் சிமென்ட் தரையும் சாக்கடை மூடிகளும் வெளியே தெரிந்தன. நடந்துகொண்டிருந்தவர்கள் நடு நடையில் சந்துக்குள் நின்று விழித்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எந்த ஊருக்குப் போகுது இது?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்னாலேயே பஸ் ஏறினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் ஏறினார்கள்.

உலகம்மாள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்துப் பாதைக்கு டிக்கெட் எடுத்தாள். "விலக்குல எறக்கி விட்ருங்க அண்ணாச்சி. எங்க வாசல் வரைக்கும் போவ அதுக்குத் தெரியும்."

"நீ வரலியா? பேராச்சி கேட்டா நான் என்ன சொல்ல?"

"மொறத்த மழையில நனையாம எடுத்து வைக்கச் சொல்லுங்க."

சொரிமுத்து விசில் அடித்தார். பஸ் வளைவில் மறையும்வரை உலகம்மாள் நின்றாள். பிறகு பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மகளின் முழங்கையைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்து, வெறும் சிமென்ட் தரையில் அவள் வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் தன் அடியைக் குறைத்துக் குறைத்து, ஓட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்; வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஜெபராஜிடம், "வெந்நி போடுங்க" என்றாள்.